புண்ணைக் கீறும் முன் குடலை விசாரியுங்கள்

1930-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ப்ரன்ஸ்டிங், கோக்கர்மன், ஓலியரி என்ற மூன்று மருத்துவர்கள் ஐந்து நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை ஒன்று வெளியிட்டார்கள். ஐந்து பேருக்கும் தோலில் ஆழமான புண்கள். விளிம்பு ஊதா நிறத்தில் தடித்து, உள்ளே சதை கரைந்து, நாளுக்கு நாள் அகன்றுகொண்டே போன புண்கள். அந்த ஐவரில் நால்வருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற நாள்பட்ட பெருங்குடல் புண் நோய் இருந்தது. ஏதோ ஒரு கிருமிதான் இதற்கெல்லாம் காரணம் என்று அந்த மருத்துவர்கள் கருதினார்கள். அது தவறு என்று பிற்காலத்தில் தெரிந்தது. ஆனால் குடலுக்கும் தோலுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர்கள் கவனித்தது இன்றுவரை நிற்கிறது.

தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தொடர்பு பல நோயாளிகளின் காதுக்கு எட்டவில்லை. குடலுக்கு ஒரு டாக்டர், தோலுக்கு ஒரு டாக்டர், வாய்க்குப் பல் டாக்டர் என்று மூன்று இடங்களில் மூன்று சீட்டு வாங்குகிறோம். மூன்று அறைக்கும் போய்வரும் ஒரே ஆள் நோயாளிதான். அவருக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருந்தால் பல மாத வேதனையைத் தவிர்க்கலாம். சில சமயம் ஒரு காலையே காப்பாற்றலாம்.

முதலில் குடல் நோயைப் பற்றிச் சுருக்கமாக. குடல் அழற்சி நோய் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று மேலே சொன்ன அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். இது மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்புறத் தோலை மட்டும் பாதிக்கும். ரத்தமும் சளியும் கலந்த பேதி இதன் அடையாளம். மற்றொன்று குரோன் நோய். 1932-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையிலிருந்து குரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் ஆகிய மூவர் இதை விவரித்தார்கள். இது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரலாம். குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். நடுவில் நல்ல பகுதியை விட்டுவிட்டு அங்கங்கே திட்டுத்திட்டாகத் தாக்கும். இரண்டுமே பெரும்பாலும் இளவயதில் தலைகாட்டும். இரண்டிலும் உடலின் எதிர்ப்பு சக்தி குடலில் வாழும் சாதாரண நுண்ணுயிர்களுக்கு எதிராக அளவுக்கு மீறிக் கிளம்புவதும், பிறவியிலேயே அதற்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் இருப்பதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. தொற்று நோய் அல்ல, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது.

இந்த நோய் உள்ளவர்களில் நால்வரில் ஒருவருக்காவது, சில கணக்குகளின்படி மூவரில் ஒருவருக்கு, குடலுக்கு வெளியே ஏதாவது ஒரு தொல்லை வருகிறது. மூட்டு, கண், கல்லீரல், தோல், வாய் எதுவாகவும் இருக்கலாம். அது எப்போதும் குடல் நோய்க்குப் பின்னால்தான் வரும் என்பதில்லை. சுவிட்சர்லாந்தில் குடல் அழற்சி நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், இப்படி வெளித்தொல்லை வந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் குடல் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே அது வந்திருந்தது. காலிலோ வாயிலோ முதல் அறிகுறியைக் கண்ட அந்த நேரத்தில் யாராவது வயிற்றைப் பற்றி விசாரித்திருந்தால் குடல் நோயும் முன்னதாகவே பிடிபட்டிருக்கக்கூடும்.

கத்தி பட்டால் பெருகும் புண்

மேயோ மருத்துவர்கள் விவரித்த அந்தப் புண்ணுக்குப் பயோடெர்மா கேங்கிரினோசம் என்று பெயர். அரிய நோய். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குச் சிலருக்குத்தான் வரும். குடல் அழற்சி உள்ளவர்களிலும் நூற்றில் ஒருவர் இருவருக்கே வருகிறது. அரியது என்பதாலேயே தவறாகக் கணிக்கப்படுகிறது, தவறான கணிப்பு இதில் மிகப் பெரிய சேதத்தை உண்டாக்குகிறது. அதனால்தான் இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே தொடங்கும். சின்னக் கொப்புளம், பூச்சி கடித்தது போன்ற ஒரு தடிப்பு, அல்லது எங்கோ இடித்துக்கொண்ட காயம். ஓரிரு நாளில் அது உடைந்து புண்ணாகும். பிறகு அதன் வேகம் பயமூட்டும். விளிம்பு ஊதா அல்லது கருநீலமாகத் தடித்திருக்கும். அந்த விளிம்புக்கு அடியில் தோல் உள்பக்கமாக அரித்துப் போயிருக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமான அடையாளம் வலி. புண்ணின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத வலி. போர்வை பட்டாலே துடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் காலில் ஆறாத புண் என்றதும் சர்க்கரை நோய்தான் எல்லார் நினைவுக்கும் வரும். அது நியாயமானதுதான், பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சர்க்கரையால் வரும் பாதப்புண்ணில் நரம்பு மரத்துப்போயிருப்பதால் பலருக்கு வலியே தெரியாது. ஆணி குத்தியதே தெரியாமல் நடந்தவர்கள் உண்டு. இங்கே அதற்கு நேர்மாறாக, வலிதான் முதலில் நிற்கும். சர்க்கரைப் புண் பெரும்பாலும் பாதத்தில், அழுத்தம் படும் இடத்தில் வரும். இது கெண்டைக்காலிலும் முன்னங்காலிலும் வரும்.

இந்தப் புண்ணுக்குள் என்ன நடக்கிறது? கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவரும் வெள்ளை அணுக்களுக்கு நியூட்ரோஃபில் என்று பெயர். இங்கே கிருமி இல்லாமலேயே அவை லட்சக்கணக்கில் தோலில் வந்து குவிகின்றன. திருடனே இல்லாத வீட்டுக்குள் காவல்படை புகுந்து கதவையும் சுவரையும் உடைத்த கதைதான். குடலில் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் போன்ற அதே ரசாயனச் செய்திகள்தான் தோலிலும் இந்த அணுக்களை வரவழைக்கின்றன என்பது இன்றைய புரிதல். சீழ் போல் வடிவதெல்லாம் இந்த அணுக்களும் அவை கரைத்த சதையும்தான். அதனால் ஆன்டிபயாடிக் எத்தனை மாற்றினாலும் புண் ஆறுவதில்லை. புண்ணிலிருந்து பஞ்சால் எடுத்துக் கல்ச்சர் பார்த்தால் ஏதாவது கிருமி வரத்தான் செய்யும். திறந்த புண் எதிலும் மேலே கிருமி ஒட்டியிருக்கும். அந்த அறிக்கையை நம்பிக்கொண்டு வாரக்கணக்கில் மருந்து மாற்றுவது இந்த நோயில் அடிக்கடி நடக்கும் கால விரயம்.

இதைவிட மோசமானது கத்தி. தோலில் காயம் பட்ட இடத்திலெல்லாம் நோய் புதிதாகக் கிளம்பும் குணத்துக்குப் பேதர்ஜி என்று மருத்துவத்தில் சொல்வார்கள். ஆறாத புண் என்றால் செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்வது அறுவை மருத்துவத்தின் அடிப்படைப் பாடம். மற்ற புண்களுக்கு அது உயிர் காக்கும். இந்தப் புண்ணில் அதுவே தீனி. வெட்டிய ஓரம் அடுத்த சில நாளில் புதுப்புண்ணாகும். இன்னும் ஆழமாக வெட்டினால் இன்னும் பெரிதாகும். உயிருக்கே ஆபத்தான சதை அழுகல் என்று நினைத்துக் காலை எடுக்கும் வரை போன நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன.

குடல் நோயாளிகளுக்கு இதில் இன்னொரு கஷ்டம் உண்டு. பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டியிருப்பவர்களுக்கு அந்தத் துளையைச் சுற்றியே இந்தப் புண் வரலாம். பையின் பசை தினமும் தோலை இழுப்பதும் மலம் கசிவதும் காயமாகிவிடுகின்றன. புண் இருப்பதால் பை ஒட்டாது, பை ஒட்டாததால் கசியும், கசிவதால் புண் பெருகும். பசையால் வந்த ஒவ்வாமை என்றோ பையைச் சரியாக மாட்டத் தெரியவில்லை என்றோ பலரும் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். துளைக்குப் பக்கத்தில் ஊதா ஓரத்தோடு வலிக்கும் புண் வந்தால் அது நர்ஸம்மா பையை மாற்றிக் கொடுத்துத் தீர்க்கும் விஷயமல்ல, மருத்துவர் பார்க்க வேண்டியது.

இந்த நோயை உறுதி செய்ய ஒரு ரத்தப் பரிசோதனை இல்லை. மற்றவை எல்லாம் இல்லை என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். தொற்று, ரத்தக்குழாய் அடைப்பு, ரத்தநாளச் சுவர் அழற்சி, புற்றுநோய் எல்லாவற்றையும் விலக்குவதற்காகப் புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். காயம் கூடாது என்று சொல்லிவிட்டு இதற்கு மட்டும் ஏன் வெட்டுகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். கணிப்புத் தவறினால் வரும் சேதம் அந்தச் சிறு வெட்டால் வரும் சேதத்தைவிடப் பெரிது. அதனால் அது செய்ய வேண்டியதுதான்.

சிகிச்சை, எதிர்ப்பு சக்தியைத் தணிப்பது. சின்னப் புண்ணுக்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்போ டாக்ரோலிமஸ் களிம்போ போதும். பெரிதாக இருந்தால் ப்ரெட்னிசோலோன் மாத்திரை அல்லது சைக்ளோஸ்போரின். பிரிட்டனில் 121 நோயாளிகளிடம் இந்த இரண்டு மருந்தையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. இரண்டுக்கும் வித்தியாசமில்லை. ஆறு மாத முடிவில் இரு பிரிவிலும் ஏறத்தாழ பாதிப்பேருக்குத்தான் புண் முழுதாக ஆறியிருந்தது. இந்தக் கணக்கை நோயாளியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. பத்து நாளில் ஆறிவிடும் என்று நம்பியவர்தான் மூன்றாவது வாரம் வேறு டாக்டரிடம் போய், அவர் புண்ணைச் சுத்தம் செய்ய, முதலிலிருந்து தொடங்க நேர்கிறது. மாதங்கள் பிடிக்கும் என்று முன்பே தெரிந்தவர் பொறுத்திருப்பார்.

குடல் நோயும் சேர்ந்து இருந்தால் டி.என்.எஃப். என்ற அந்த ரசாயனத்தைத் தடுக்கும் ஊசிகள் இரண்டுக்கும் ஒருசேர உதவும். அவற்றில் ஒன்றான இன்ஃப்ளிக்சிமாப் இந்தப் புண்ணுக்குப் பலன் தருவதை 2006-இல் பிரிட்டனில் நடந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. இன்னொன்றான அடாலிமுமாப் ஊசிக்கு 2020-இல் ஜப்பான் அரசு இந்த நோய்க்கென்றே அனுமதி கொடுத்தது. புண் ஆறும்போது சல்லடை போல் சிறுசிறு குழிகளோடு மெல்லிய தழும்பு விழும். அந்த இடத்தைப் பிறகும் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நோய் சிலருக்குத் திரும்பி வரும். வேறு காரணத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தால், முன்பு இப்படி ஒரு புண் வந்தது என்பதை மயக்க மருந்து கொடுப்பவர் உட்பட எல்லாரிடமும் சொல்ல வேண்டும். தேவையானால் முன்கூட்டியே மருந்து கொடுத்துப் பாதுகாப்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, சர்க்கரைப் புண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது யாரும் மறுத்துவிடக் கூடாது. அந்தப் புண்ணுக்கு அதுதான் சரியான வைத்தியம். கடும் வலி, ஊதா விளிம்பு, வேகமாகப் பரவுதல், வெட்டிய பிறகு பெரிதாகுதல் ஆகியவை சேர்ந்திருந்தாலும், குடல் நோய் இருந்தாலும்தான் இந்தச் சந்தேகத்தை மருத்துவரிடம் எழுப்ப வேண்டும்.

வாய் காட்டும் குடல்

வாயில் புண் வந்தால் வயிற்றில் புண் இருக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுக் கொடுப்பார்கள். சாதாரண வாய்ப்புண்ணுக்கு இரைப்பைப் புண் காரணமல்ல. உதட்டின் உள்பக்கமோ நாக்கின் ஓரத்திலோ வட்டமாக, நடுவில் வெளுத்து, சுற்றிலும் சிவந்து வரும் அந்தப் புண் ஒன்று இரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். ஊரில் ஐந்து பேரில் ஒருவருக்காவது அது வந்துபோகிறது. குடல் அழற்சி உள்ளவர்களுக்கு, குடலில் நோய் கிளம்பும் நேரத்தில், அதே புண் கொத்தாகவும் அடிக்கடியும் வரும். அவ்வளவுதான்.

ஆனால் வாயிலேயே குடல் நோயின் கையெழுத்து போல் வருகிற இரண்டு அரிய நிலைகள் உண்டு.

முதலாவது பயோஸ்டோமடைட்டிஸ் வெஜிடன்ஸ். பாரிஸின் தோல் மருத்துவர் ஹலோப்போ இதே குடும்பத்தைச் சேர்ந்த நோயை 1898-இல் விவரித்தார். வாயில் வருவதற்கு 1949-இல் மெக்கார்த்தி இன்றைய பெயரைக் கொடுத்தார். ஈறு, கன்னத்தின் உள்பக்கம், உதட்டின் உள்பக்கம், அண்ணம் ஆகிய இடங்களில் கடுகளவு மஞ்சள் கொப்புளங்கள் நூற்றுக்கணக்கில் வரும். சிவந்து தடித்த பரப்பில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்து, நத்தை ஊர்ந்த தடம் போல் வளைந்து வளைந்து கோடுகளாகும். நாக்கு பெரும்பாலும் தப்பிவிடும். பார்ப்பவருக்குப் பயமாக இருந்தாலும் நோயாளி அவ்வளவாக வலி சொல்லமாட்டார். ரத்தத்தில் ஈஸினோஃபில் என்ற வெள்ளை அணு பலருக்குக் கூடியிருக்கும்.

இதைப் பார்த்தால் குடலில் நோய் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாக நினைக்கலாம். குடல் நோயை இவ்வளவு துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும் வாய் நோய் வேறு இல்லை. சிலருக்குக் குடல் தொல்லை மிக லேசாக இருந்திருக்கும். காலையில் இரண்டு முறை போவதையும் எப்போதாவது ரத்தம் தெரிவதையும் மூலம் என்று விட்டிருப்பார்கள். பல் மருத்துவர் வாயைப் பார்த்துச் சொல்லி, கொலோனோஸ்கோப்பி என்ற பெருங்குடல் உள்நோக்குப் பரிசோதனை செய்து, குடல் நோய் தெரியவரும். ஆகவே இந்த நோயில் பல் மருத்துவரின் பங்கு பெரிது. பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோயும் பூஞ்சைத் தொற்றும் இதே போல் ஏமாற்றும். சதைத் துண்டு எடுத்து, ஒளிரும் சாயம் போட்டுப் பார்க்கும் பரிசோதனையும் செய்தால்தான் பெம்ஃபிகஸிலிருந்து பிரித்துச் சொல்ல முடியும். வாய் கொப்பளிக்கும் ஸ்டீராய்டு மருந்தால் மட்டும் இது அடங்குவது குறைவு. குடலுக்குச் சரியான மருந்து கொடுத்தால் வாய் தானாகவே தெளியும்.

இரண்டாவது, குரோன் நோய் நேராக வாயிலேயே வருவது. சிறுவர்களிடம் அதிகம். உதடு வீங்கும், இறங்கும், மறுபடி வீங்கும், ஒரு கட்டத்தில் வீங்கியே நின்றுவிடும். நடுவில் வெடிப்பு விழும். கன்னத்தின் உள்பக்கம் கூழாங்கல் பரப்பியது போல் மேடுபள்ளமாக இருக்கும். ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தில் நீளவாக்கில் ஆழமான புண் கிடக்கும், அதன் ஓரங்கள் மடிப்பு மடிப்பாகத் தடித்திருக்கும். அந்த நீளப் புண் சாதாரண வாய்ப்புண்ணுக்கு இருக்காத அடையாளம். குடல் சம்பந்தமே இல்லாமல் வாயும் உதடும் மட்டும் இப்படி ஆவதும் உண்டு. அதை ஓரோஃபேஷியல் கிரானுலோமடோசிஸ் என்கிறார்கள். சில குழந்தைகளுக்கு இது முதலில் வந்து, சில ஆண்டு கழித்துக் குடலில் குரோன் நோய் தெரியும். எனவே உதடு வீக்கத்தோடு வரும் பிள்ளையின் எடை, உயரம், மலம் போகும் விதம், ஆசனவாயில் வெடிப்போ சீழோ உண்டா என்பதை எல்லாம் விசாரித்தாக வேண்டும். வயசுக்கு வரவேண்டிய காலத்தில் பிள்ளை வளராமல் நிற்பது, சில சமயம் வயிற்றுவலியைவிட முன்னதாகவே தெரியும் அறிகுறி.

இந்த உதடு வீக்கத்துக்குப் பிரிட்டன் மருத்துவர்கள் ஓர் உணவு முறையைக் கையாண்டு பலன் கண்டிருக்கிறார்கள். பட்டையையும் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருளையும் முழுவதும் விலக்கும் உணவு. நம் சமையலில் இது சுலபமல்ல. பிரியாணி, குருமா, கரம் மசாலா எல்லாவற்றிலும் பட்டை இருக்கிறது. பாட்டில் பானம், ஜாம், கடை ஊறுகாய், சில பற்பசை, வாய் கொப்பளிக்கும் நீர்மம் ஆகியவற்றில் பென்சோயேட்டோ பட்டை மணமோ இருக்கலாம். லேபிளில் 211 என்ற எண் இருந்தால் அது சோடியம் பென்சோயேட். இந்த முறை எல்லாக் குரோன் நோயாளிக்கும் உரியதல்ல, வாய் வீக்கம் உள்ளவர்களுக்கு மட்டும்தான், அதுவும் உணவியல் நிபுணரின் கண்காணிப்பில். ஏற்கனவே மெலிந்த குழந்தைக்கு வீட்டிலேயே ஒவ்வொன்றாக நிறுத்தினால் வளர்ச்சி இன்னும் கெடும்.

வாயைப் பற்றிப் பேசும்போது வேறொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத ஒற்றைப் புண் எதுவாக இருந்தாலும் அதைக் குடல் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வெற்றிலை, பாக்கு, புகையிலை, குட்கா பழக்கம் உள்ளவர்கள் உடனே வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஒரே காலில் பல காரணங்கள்

மற்ற தோல் நிலைகளில் அதிகம் வருவது எரித்தீமா நோடோசம். முன்னங்காலில் சிவந்து, தொட்டால் வலிக்கும் உருண்டைகள். புண்ணாக உடையாது, தழும்பும் விழாது. சில வாரத்தில் காயம் கன்றியது போல் நிறம் மாறி மறையும். குடல் நோய் கிளம்பும்போது வரும், குடல் தணிந்தால் தணியும். தனி மருந்து பெரும்பாலும் வேண்டியதில்லை.

இந்தியாவில் இங்கேதான் கவனம் வேண்டும். அதே உருண்டைகள் காசநோயிலும் வரும். தொழுநோயாளிகளுக்கு வரும் ஒரு எதிர்வினையும் ஏறக்குறைய இதே தோற்றம். இன்னொரு பக்கம், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வரும் காசநோயும் குரோன் நோயும் கொலோனோஸ்கோப்பியில், ஸ்கேனில், சில சமயம் சதைப் பரிசோதனையில்கூட ஒன்று போலவே தெரியும். காசநோய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் அது உயிரையே பறிக்கலாம், குரோன் நோய்க்குக் காசநோய் மாத்திரை கொடுத்தால் மாதங்கள் வீணாகும். இந்திய குடல் மருத்துவர்களின் அன்றாடச் சிக்கல் இது. டி.என்.எஃப். தடுப்பு ஊசி உடலில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோயை எழுப்பிவிடும் என்பது 2001-லேயே தெரிந்துவிட்டது. எனவே ஊசி தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரே, தோல் சோதனை அல்லது ரத்தச் சோதனை, கூடவே மஞ்சள் காமாலை பி வைரஸ் சோதனை ஆகியவை கட்டாயம். இவை எதற்கு, புண் காலில்தானே என்று நோயாளியின் வீட்டார் கேட்பது இயல்பு. காரணத்தைச் சொல்லிவிட்டால் யாரும் தவிர்க்கமாட்டார்கள்.

ஸ்வீட் சிண்ட்ரோம் என்பது இங்கிலாந்தின் பிளிமத் நகர மருத்துவர் ராபர்ட் ஸ்வீட் 1964-இல் எட்டுப் பெண்களிடம் கண்டு எழுதியது. திடீர்க் காய்ச்சல், கை, கழுத்து, முகம் ஆகிய இடங்களில் வலியோடு தடித்த சிவந்த திட்டுகள். நடுவில் நீர் கோத்தது போல் தெரியும், தொட்டால் கெட்டியாக இருக்கும். இதிலும் நியூட்ரோஃபில்தான் குவிகிறது. ஸ்டீராய்டு தொடங்கிய இரண்டு மூன்று நாளில் கண் முன்னே வடியும். ரத்தப் புற்றுநோயிலும் இதே நிலை வருவதால் ரத்த அணுக்களைப் பரிசோதிக்காமல் குடல் நோய் என்று முடிவு கட்டக் கூடாது.

இதைவிட அரியது, குரோன் நோய் குடலை விட்டுத் தொலைவில் தோலில் குடியேறுவது. 1965-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். பிறப்புறுப்பு வீங்குவதும், தொடை இடுக்கிலும் மார்புக்கு அடியிலும் கத்தியால் கீறியது போன்ற நேர்கோட்டுப் புண் வருவதும் இதன் தோற்றம். பெண்கள் கூச்சத்தால் வருடக்கணக்கில் யாரிடமும் காட்டாமல் பூஞ்சைக் களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். பால்வினை நோய் என்று சந்தேகிக்கப்பட்டு அவமானப்பட்டவர்களும் உண்டு. இது பால்வினை நோயும் அல்ல, புற்றுநோயும் அல்ல. குரோன் நோய் உள்ள பெண் தன் குடல் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லலாம். பெண் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்பதும் அவர் உரிமை.

வாயிலும் பிறப்புறுப்பிலும் புண், கண்ணில் சிவப்பு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் பெஹ்செட் நோயையும் நினைக்க வேண்டும். துருக்கி மருத்துவர் ஹுலூசி பெஹ்செட் 1937-இல் விவரித்தது. அதுவும் குடலில் புண் உண்டாக்கி குரோன் போல் வேடம் போடும்.

மருந்தே காரணமாகும்போது

எல்லாத் தோல் தொல்லைக்கும் நோய்தான் காரணம் என்றில்லை. டி.என்.எஃப். தடுப்பு ஊசி சோரியாசிஸுக்கும் கொடுக்கப்படும் மருந்து. அதே ஊசி போட்டுக்கொள்ளும் சில குடல் நோயாளிகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை ஆகிய இடங்களில் புதிதாகச் சோரியாசிஸ் வருகிறது. பெரும்பாலானவர்களுக்குக் களிம்பால் சமாளிக்கலாம், சிலருக்கு ஊசியை மாற்ற வேண்டிவரும். தாமாகவே நிறுத்துவது ஆபத்து.

குடல் நோய்க்குக் கொடுக்கப்படும் அசாதயோப்ரின் மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் தலைமுடி கொத்தாக உதிர்ந்தால் அதைச் சத்துக் குறைவு என்று விடாதீர்கள். NUDT15 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த மருந்து ரத்த அணுக்களை அபாயமாகக் குறைத்துவிடும். அதன் வெளி அடையாளம்தான் முடி உதிர்தல். கிழக்காசியரிடமும் இந்தியரிடமும் இந்த மாற்றம் ஐரோப்பியரைவிட அதிகம். அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மருந்து தொடங்கும் முன்பே இந்த மரபணுச் சோதனை செய்துகொள்வது நல்லது.

மெத்தோட்ரெக்சேட்டும் சல்ஃபாசலசினும் ஃபோலிக் அமிலத்தின் வேலையைக் கெடுப்பதால் வாய்ப்புண் தரலாம். நாள்பட்ட பேதியில் இரும்பு, பி12, துத்தநாகம் குறைந்து நாக்கு வழவழப்பாகச் சிவந்துபோவதும், வாயோரம் வெடிப்பதும், வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் செதில்செதிலாகத் தோல் உரிவதும் உண்டு. இதுவரை சொன்னவற்றில் எளிதாகத் தீர்வது இந்தச் சத்துக் குறைவுதான்.

வலிக்காக மெடிக்கல் கடையில் வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரைகளில் பல குடல் அழற்சியைக் கிளப்பிவிடக்கூடும். கடைக்காரர் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்பும் மாத்திரையும் இரண்டு நாள் நன்றாக்கிக் காட்டி, கணிப்பை மறைத்துவிடும். புகைபிடிப்பது குரோன் நோயை மோசமாக்கும்.

மருத்துவரிடம் போகும்போது புண்ணை நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, பக்கத்தில் ஒரு அளவுகோலையோ நாணயத்தையோ வைத்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். புண் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பது இந்த நோய்க்குப் பெரிய சாட்சி. சாப்பிடும் மருந்துகளின் சீட்டு முழுவதையும் கொண்டுபோங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பேதி, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாத எடைக்குறைவு, ஆசனவாயில் சீழ் இவற்றில் எது இருந்தாலும் சொல்லுங்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளக்கும் சோதனை, குடலில் அழற்சி உண்டா என்று முதல் கட்டமாகத் தெரிந்துகொள்ளப் போதும். அது அதிகமாக இருந்தால் கொலோனோஸ்கோப்பி.

மலம் போவதைப் பற்றித் தோல் டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்று கூச்சப்படாதீர்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். குடல் நோய் இருப்பது ஏற்கனவே தெரிந்தவர்கள், எந்தப் புண்ணில் யார் கத்தி வைக்கும் முன்பும், "எனக்குக் குடல் அழற்சி நோய் இருக்கிறது, இது பயோடெர்மாவாக இருக்குமா?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.